எந்தக் கைக்கு எந்த முறை?

நம் சங்கத்து இல்லங்கள் பலவற்றில் இந்நாளில் கன்சோல் என்னும் விளையாட்டுப் பெட்டி தொலைக்காட்சிக்கு அருகில் இடம் பிடித்துவிட்டது. அதனை வாங்கலாமா, கூடாதா என்னும் வழக்கில் நாம் இத்திங்கள் புகப்போவதில்லை. வாங்கியபின் எழும் வழக்கு ஒன்று உண்டு; அதுவே நமக்குப் பொருள். கன்ட்ரோலரைக் கையில் எடுத்த இருவருள் ஒருவர்க்கு அது சொன்னபடி கேட்கிறது. மற்றவர்க்கோ சுவரை நோக்கியே ஓடுகிறது. உடனே, "உனக்குக் கை வராது" என்று தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. அத்தீர்ப்பு நேரியதுதானா என்று பார்ப்போம்.

இவ்வளவு சிறிய செய்திக்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று பெரியோர் சிலர் வினவலாம். வேண்டும் என்பதே நம் விடை. நாம் பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசி வளர்கின்றனர். கோடை விடுமுறையில் மட்டுமே காணக்கூடிய பெரியப்பா மகனும் அத்தை மகளும் இன்று மாலை வேளைகளில் இணையத்தின் வழியே ஒரே ஆட்டத்தில் கூடுகின்றனர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "இந்தப் பக்கம் வா", "பின்னால் ஆள் இருக்கிறான், பார்" என்று அவர்கள் கூவிக்கொள்வது தமிழில். அந்த அரைமணி நேரத் தமிழை நாம் எளிதாக எண்ணுவதற்கில்லை. கன்ட்ரோலர் வசப்படாத பிள்ளை ஆட்டத்தில் தோற்பது சிறு பொருள். தோற்றுத் தோற்று நாணி, அக்கூட்டத்தினின்றே விலகிவிடுவது பெரும் பொருள்.

அண்மையில் நம் சங்கத்து அம்மையார் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியிருந்தார். அவர்தம் மகள் பதினான்கு வயதினள், இடக்கையால் எழுதுபவள். அண்ணனும் ஊரிலுள்ள உறவுப் பிள்ளைகளும் ஆடும் சுடும் விளையாட்டில் அவளும் சேர்ந்தாளாம். மூன்றாம் நாளே, "இடக்கைக்காரிக்கு இது வராது" என்னும் ஏளனத்தைக் கேட்டு எழுந்து போய்விட்டாளாம். குறை கையிலா, கருவியிலா என்பது அம்மையாரின் வினா. இரண்டிலும் இல்லை, இரண்டையும் இணைக்கும் முறையில்தான் பொருத்தம் பார்க்கவேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு அம்முறைகளின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம்.

எட்டுத் திசையும் இரண்டு கட்டைவிரலும்

நாம் பேசுவது 'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' என்னும் வகை. ஆடுபவர் தம் உருவத்தைத் திரையில் காண்பதில்லை. ஆட்டத்து வீரனின் கண்ணே தம் கண்ணாக நின்று, எதிரே உள்ளதைக் காண்கிறார். எனவே அவர் ஒரே வேளையில் இரு தொழில் செய்யவேண்டும். ஒன்று நடத்தல்: முன், பின், இடம், வலம். மற்றொன்று நோக்கல்: இடப்புறம் திரும்பல், வலப்புறம் திரும்பல், அண்ணாந்து பார்த்தல், குனிந்து பார்த்தல். ஆக எட்டுத் திசைகள். அவ்வெட்டையும் இரண்டு கட்டைவிரல்களுக்கு எவ்வாறு பங்கிடுவது என்பதே முறை. இதுவரை தோன்றிய முறைகள் அனைத்தும் இவ்வொரு கணக்கிற்கு வெவ்வேறு விடைகளே.

கணினியில் இக்கணக்கு எளிது. இடக்கை விசைப்பலகையில் நடக்கிறது. வலக்கை மவுசால் நோக்குகிறது. மவுசை நான்கு விரற்கடை நகர்த்தினால் அதற்கு இசைந்த அளவே பார்வை திரும்பி நின்றுவிடும். கன்சோலின் குச்சியோ அவ்வாறன்று. அதனைச் சாய்த்திருக்கும் வரை பார்வை சுழன்றுகொண்டே இருக்கும். மிகுதியாகச் சாய்த்தால் விரைவாகவும், குறைவாகச் சாய்த்தால் மெதுவாகவும் சுழலும். தண்ணீர்க் குழாயைத் திறந்து குடத்தைக் கழுத்துவரை நிரப்புவது போன்றது இது. எவ்வளவு திறந்தோம் என்பதோடு எப்போது மூடினோம் என்பதும் கணக்கு. புதியவர் கையில் பார்வை இலக்கைக் கடந்து ஓடுவதற்குக் காரணம் இதுதான். குழாயை மூடும் தருணம் இன்னும் அவர் விரலுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவே.

ஒற்றைக் குச்சிக் காலம்

1997-இல் நின்டென்டோ 64 என்னும் கன்சோலுக்கு 'கோல்டன்ஐ 007' என்னும் ஆட்டம் வந்தது. இங்கிலாந்தின் ரேர் நிறுவனத்தார் ஆக்கியது. எண்பது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அந்தக் கன்ட்ரோலரில் குச்சி ஒன்றே. அதன் வலப்பக்கத்தில் மஞ்சள் நிறப் பொத்தான்கள் நான்கு. இயல்பாக வைக்கப்பட்ட முறையில், குச்சியை முன்னும் பின்னும் தள்ளினால் நடை. இடமும் வலமும் தள்ளினால் திரும்பல். பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பதும், மேலும் கீழும் பார்ப்பதும் மஞ்சள் பொத்தான்களின் வேலை. அதாவது நடையில் பாதியும் நோக்கில் பாதியும் ஒரே விரலுக்கு ஒப்படைக்கப்பட்டன.

அதே ஆண்டில், அதே கன்சோலுக்கு வந்த 'டூராக்' என்னும் ஆட்டமோ இதற்கு மாறாகச் செய்தது. குச்சி முழுவதும் நோக்கிற்கு. மஞ்சள் பொத்தான்கள் முழுவதும் நடைக்கு. கருவி ஒன்று, ஆண்டு ஒன்று, பங்கீடு மட்டும் இரண்டு. ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றைத் தொட்டால் தடுமாறினார். இருவர் கையிலும் குறை இருந்ததில்லை.

கோல்டன்ஐ ஆட்டத்தில் நாம் போற்றவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை ஆக்கியோர் ஒரே முறையைத் திணித்துவிடவில்லை. எட்டு முறைகளை அமைத்து, வேண்டியதைத் தெரிந்துகொள்ளுமாறு விட்டனர். அவற்றுள் நான்கு, கைக்கு ஒன்றாக இரண்டு கன்ட்ரோலர்களைப் பிடித்து ஒருவரே ஆடுவதற்கு உரியவை. இரு குச்சிகளில் ஒன்றால் நடந்து மற்றொன்றால் நோக்கும் இன்றைய வழக்கின் வித்து அங்கேயே கிடந்தது எனலாம்.

பழித்த முறையே வழக்கான வகை

சோனி நிறுவனத்தார் 1997-இலேயே பிளேஸ்டேஷனுக்கு இரட்டைக் குச்சிக் கன்ட்ரோலரை வெளியிட்டுவிட்டனர். ஆயினும் சுடும் விளையாட்டில் இரு குச்சிகளையும் எவ்வாறு பங்கிடுவது என்பது உடனே முடிவாகிவிடவில்லை. 2000-இல் பிளேஸ்டேஷனுக்கு 'ஏலியன் ரெசரெக்ஷன்' என்னும் ஆட்டம் வந்தது. இடக்குச்சி நடைக்கு, வலக்குச்சி நோக்கிற்கு என்பது அதன் முறை. அந்நாளைய விமரிசனம் ஒன்று இம்முறையையே ஆட்டத்தின் பெருங்குறையாகச் சுட்டியது. இன்று அதனைப் படிக்கும் இளைஞர் நகைப்பர். ஏனெனில் இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது அம்முறையேதான்.

அடுத்த ஆண்டு, 2001 நவம்பரில், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுடன் 'ஹேலோ' வந்தது. இடக்குச்சி நடை, வலக்குச்சி நோக்கு என்னும் அதே பங்கீடு. இம்முறை யாரும் பழிக்கவில்லை. ஓராண்டில் மனிதர் கட்டைவிரல் மாறிவிட்டதா? இல்லை. ஹேலோவை ஆக்கிய பங்கி நிறுவனத்தார், ஆடுபவர் அறியாதவாறு இரு துணைகளை உள்ளே வைத்தனர். குறிவட்டம் பகைவன்மேல் படும்போது பார்வையின் வேகம் தானே சிறிது தணியும். பகைவன் நகர்ந்தால் குறிவட்டமும் சிறிது உடன் இழுபடும். முன்னர்ச் சொன்ன குழாயை, குடம் நிரம்பும் தறுவாயில் யாரோ மெல்ல மூடிக் கொடுப்பது போன்றது இது. முறை வெற்றி பெற்றது கையின் திறத்தால் மட்டுமன்று. கருவி கைக்கு இறங்கி வந்ததாலும் என்க.

அதே ஹேலோவில் பழைய வழக்கினர்க்கும் இடம் விடப்பட்டிருந்தது. 'லெகசி' என்னும் அமைப்பைத் தெரிந்தால், கோல்டன்ஐயில் போல இடக்குச்சியால் முன்பின் நடந்து இடவலம் திரும்பலாம். 'சவுத்பா' என்னும் அமைப்பு இரு குச்சிகளின் தொழிலையும் இடம் மாற்றித் தரும். மேலும் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, ஒளிரும் விளக்குகளை அண்ணாந்தும் குனிந்தும் பார்க்கச் சொல்லி, குச்சியைத் தள்ளினால் பார்வை மேலே போகவேண்டுமா, கீழே போகவேண்டுமா என்பதை ஆடுபவரிடமே கேட்டுக்கொள்ளும். வானூர்தியில் கைப்பிடியைப் பின்னே இழுத்தால் மூக்கு மேலே எழும். அவ்வழக்கில் பழகியவர்க்குத் தலைகீழ் அமைப்பே நேரானது. பிறர் அதனைக் கண்டு திகைப்பர். இதில் நேர் எது, தலைகீழ் எது என்று வழக்காடுவதில் பயனில்லை.

பங்கீட்டை வேறு வகையில் தீர்த்தோரும் உண்டு. 2002-இல் கேம்க்யூபில் வந்த 'மெட்ராய்டு பிரைம்', ஒரே குச்சியால் நடக்கவும் திரும்பவும் செய்து, ஒரு விசையை அழுத்தியிருந்தால் பகைவன்மேல் பார்வை தானே பூட்டிக்கொள்ளுமாறு அமைத்தது. குறிபார்க்கும் தொல்லை நீங்கி, சுற்றிலும் ஆராயும் இன்பம் மிகுந்தது. அதன் மூன்றாம் பகுதி 2007-இல் வீ கன்சோலுக்கு வந்தபோது, கையிலுள்ள ரிமோட்டைத் திரையை நோக்கி நீட்டியே குறிபார்க்கச் செய்தனர். 2023-இல் முதற்பகுதியைப் புதுக்கி ஸ்விட்ச் கன்சோலுக்குத் தந்தபோது, இரட்டைக் குச்சி, பழைய முறை, சுட்டும் முறை, கலப்பு முறை என நான்கனையும் வைத்துத் தெரிவை ஆடுபவரிடமே விட்டனர். இருபதாண்டுக்கால வாதத்தின் முடிவு, 'எல்லாம் இருக்கட்டும்' என்பதாயிற்று.

விரல் விலகும் இடர்

பங்கீடு முடிந்தது, இடர் முடியவில்லை. நோக்கும் குச்சி வலக்கட்டைவிரலின் பொறுப்பு. குதித்தல், குனிதல், தோட்டா நிரப்பல் ஆகியவற்றுக்கான நான்கு பொத்தான்களும் அதே விரலின் பொறுப்பு. குதிக்க வேண்டுமானால் குச்சியை விடவேண்டும்; குச்சியை விட்ட நொடியில் பார்வை உறைந்துவிடும். பகைவன் அந்நொடியில்தான் வருவான்!

இதற்கு மாற்று மூன்று வகையாக வந்தது. முதலாவது, தொழிலை மேலேயுள்ள சுட்டுவிரல் விசைகளுக்கு மாற்றுதல். 2007-இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி 4' ஆட்டத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பில், இட விசை துப்பாக்கியைக் கண்ணுக்கு உயர்த்தும். வல விசை சுடும். இன்று பெரும்பாலான ஆட்டங்களில் காண்பது இதுவே. அவ்வாண்டே வந்த 'ஹேலோ 3' ஆட்டத்தில் 'பம்பர் ஜம்ப்பர்' என்னும் அமைப்பு, குதிப்பதை மேல்விசைக்குக் கொண்டுபோயிற்று. இரண்டாவது, குனிதலைக் குச்சியையே உள்ளழுத்திச் செய்யும் விசைக்கு மாற்றும் 'டாக்டிகல்' அமைப்பு. கால் ஆஃப் டூட்டி ஆடுவோர் நன்கறிவர். மூன்றாவது, கன்ட்ரோலரின் பின்புறத்திலேயே கூடுதல் விசை வைத்தல். 2015-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் எலைட் கன்ட்ரோலரில் நான்கும், 2023-இல் வந்த டூவல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலரில் இரண்டும் உள்ளன. இவை விலை மிகுந்தவை. முதலிரண்டுக்கோ காசு வேண்டியதில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பொறுமை மட்டும் போதும்.

சாய்த்துக் குறிபார்த்தல்

கைப்பேசியில் பப்ஜி ஆடிப் பழகிய நம் பிள்ளைகள் பலர். 2020 செப்டம்பரில் அது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டபின், 2021-இல் வந்த பி.ஜி.எம்.ஐ. ஆட்டத்திற்கு அவர்கள் மாறினர். இவற்றில் பேசியைச் சிறிதே சாய்த்துக் குறியைத் திருத்தும் வசதி உண்டு, ஜைரோ என்பர். அதில் கைதேர்ந்த பிள்ளை கன்சோலுக்கு வந்து, வெறும் குச்சியால் குறிபார்க்க முயன்று சோர்வது இயற்கை. பாதித் தொழிலைச் செய்துவந்த மணிக்கட்டுக்கு இங்கே வேலை இல்லாமற் போய்விட்டது அல்லவா?

ஆனால் கன்சோலிலும் இம்முறை உண்டு. 2015-இல் வந்த 'ஸ்பிளட்டூன்' இதனையே இயல்பு முறையாகக் கொண்டது. பெருந்திருப்பத்திற்குக் குச்சி, நுண்திருத்தத்திற்குச் சாய்வு. குச்சி குழாயைப் போன்றது என்றோம். சாய்வோ மவுசைப் போலக் கை அசைந்த அளவே அசைவது. இரண்டின் நலனும் ஒருங்கே கிடைக்கிறது. அந்த ஆட்டத்தில் பாய்வது குண்டன்று, வண்ண மையே. அதில் வீரனை நாம் பின்னின்று காண்போம். ஆயினும் குறிபார்க்கும் கலை ஒன்றே. பத்து வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு என மதிப்பிடப்பட்டது. ஹேலோ, கால் ஆஃப் டூட்டி வரிசைகளின் ஆட்டங்கள் பல பதினேழு வயது நிரம்பியோர்க்கு என மதிப்பிடப்பட்டவை. உறையின்மேல் உள்ள வயதுக் குறியைப் பெற்றோர் பார்த்தே வாங்குக.

வழக்கம் வேறு, இயல்பு வேறு

நிற்க. அலுவலகத்தில் எழுத்தராய் இருக்கும் நமக்கு இச்செய்தி புதிதன்று. தமிழ்த் தட்டச்சில் பழைய தட்டெழுத்துப்பொறி அமைப்பில் தேர்ந்தோர் உளர். 1999-இல் வகுக்கப்பட்ட தமிழ்99 அமைப்பில் தேர்ந்தோரும் உளர். பின்னதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் பங்கிடப்பட்டுள்ளன. கற்பதற்கு எளிது என்பது உண்மையே. ஆனால் இருபதாண்டு பழைய அமைப்பில் தட்டிய கையை, "இது எளிது, மாறு" என்றால் மாறிவிடுமா? முதலிற் பழகியது கைக்கு இயல்பாகிவிடுகிறது. பின்னர் அதுவே இயற்கை என்று நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம். அண்ணனுக்கு எளிதாய் இருக்கும் முறை, அண்ணன் முன்னதாகத் தொடங்கிய முறையே என்பதைத் தங்கையை ஏளனம் செய்யுமுன் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அம்மையாருக்கு நாம் கூறும் விடை இதுவே. மகளுக்குச் 'சவுத்பா' அமைப்பை ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். பொருந்தினால் நன்று. பொருந்தாவிடினும் வியப்பதற்கில்லை, இடக்கையால் எழுதுவோருள் பலர் பொதுமுறையிலேயே நன்றாக ஆடுகின்றனர். இருகைக்கும் வேலை உள்ள கருவி இது. எனவே இடக்கை என்பதை வைத்தே ஒரு முறையை அவள்மேல் சுமத்துவதும், இடக்கை என்பதை வைத்தே வராது என்று தள்ளுவதும் ஒரே வகைப் பிழை. தெரிவு அவளுடையதாகவே இருக்கட்டும்.

விரலோ கையோ முழுமையாக இயங்காத அன்பர்களுக்கும் வழி அடைபடவில்லை. மைக்ரோசாஃப்டின் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018-இலும், சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023-இலும் வந்தன. பெரிய பொத்தான்களும், காலாலோ முழங்கையாலோ இயக்கக்கூடிய விசைகளைச் சேர்க்கும் துளைகளும் இவற்றில் உண்டு.

இல்லத்தார்க்குச் சில குறிப்புகள்

ஒரு கன்சோலைப் பலர் பகிரும் இல்லத்தில் ஒவ்வொருவர்க்கும் தனிப் பயனர் கணக்கு அமைத்துக்கொள்க. அமைப்புகளைக் கணக்கோடு சேர்த்து வைக்கும் ஆட்டங்கள் பல. அவற்றில் ஒருவர் அமைப்பை மற்றவர் கலைக்கமாட்டார். 'யார் மாற்றியது' என்னும் பூசலும் குறையும்.

புதியவர்க்குப் பார்வை வேகத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குக. இலக்கைக் கடந்து ஓடாமல் நிற்கப் பழகியபின் சிறிது சிறிதாகக் கூட்டலாம். குறிக்குத் துணைசெய்யும் அமைப்பு இருந்தால் அதனை நிறுத்தவேண்டா. அது ஏமாற்றன்று, குச்சி முறையே அதனை நம்பி எழுந்தது என்பதை மேலே கண்டோம்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியதைச் சில நாளாவது ஆடிப் பார்த்தபின் முடிவு செய்க. முதல் நாள் தடுமாற்றம் எந்த முறைக்கும் உரியதே.

குச்சியைத் தொடாதபோதும் பார்வை தானே நகர்கிறது என்றால் அது கையின் குறையன்று. தேய்ந்த குச்சியின் குறை. அமைப்பில் 'டெட் ஸோன்' என்பதைச் சிறிது கூட்டினால் தற்காலிகமாக அடங்கும். வீட்டிற் பழைய கன்ட்ரோலர் எப்போதும் இளையவர் கைக்கே போகிறது என்பதையும் பெற்றோர் நினைவிற்கொள்க. தேய்ந்த கருவியைக் கையிற் கொடுத்துவிட்டுத் தோல்விக்கு நகைப்பது அறமன்று.

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஆட்டத்தைக் காட்டுமுன் அமைப்புப் பக்கத்தைக் காட்டும் வழக்கத்தை மூத்த பிள்ளைகள் மேற்கொள்வார்களாக. "உனக்கு எது வசதி?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், மீதியை விரல்கள் தாமே கற்றுக்கொள்ளும். தம் இல்லத்தில் எந்த முறை யாருக்குப் பொருந்திற்று என்பதை அன்பர்கள் எழுதியனுப்பினால், பிறர்க்குப் பயன்படுமாறு இப்பகுதியில் வெளியிடுவோம்.